அடியில் ஒரு துருத்தி

புதியம்புத்தூரில் புல்வெளி கிடையாது. ஐப்பசி மழைக்குக் கரிசலில் தலைகாட்டும் புல்லை ஆடு மேய்ந்துவிடும். ஆடு விட்டுவைத்ததை மாசி வெயில் முடித்துவிடும். புல்லை மட்டமாகக் கத்தரிப்பதற்கென்றே காசு கொடுத்து ஒரு மெஷின் வாங்குகிறார்கள், வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடாமல் குப்பையில் கொட்டுகிறார்கள் என்றெல்லாம் சொன்னால் இங்கே யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் அந்த மெஷினுக்குள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய எஞ்சினை இந்த ஊர் நன்றாக அறியும். ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர் இது. ‘குட்டித் திருப்பூர்’ என்ற பட்டமும் உண்டு. பட்டறையில் வெட்டிய துணி வீட்டுத் தையல் மெஷின்களுக்குப் போனதும், தைத்த உருப்படி கட்டாகக் கடைக்குத் திரும்பியதும் டிவிஎஸ் 50-ன் முதுகில்தான். பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கட்டு, முன்னால் கால் வைக்கும் இடத்தில் இன்னொரு கட்டு, நடுவில் எப்படியோ ஓட்டுகிறவர், அவருக்குப் பின்னால் நீலப் புகை.

அதே எஞ்சினின் உறவுக்காரர்கள் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு மக்காச்சோளத்தை மேய ஆரம்பித்ததும் விவசாயிகள் முதுகில் ஏறிய பவர் ஸ்பிரேயர், கரிமூட்டம் போடச் சீமைக்கருவேலத்தைச் சாய்க்கிற மரம் அறுக்கும் மெஷின், வரப்புக் களையை அடிக்கும் பிரஷ் கட்டர், தூத்துக்குடிக் கடற்கரையில் வள்ளத்தின் பின்னால் தொங்கும் மோட்டார். எல்லாம் டூ-ஸ்ட்ரோக். இந்த அத்தியாயம் அந்த எஞ்சினைப் பற்றியது. குறிப்பாக, பல வருஷம் மூலையில் கிடந்த ஒன்றை மறுபடி ஓட வைப்பதைப் பற்றியது. அப்படி ஓட வைக்கப் போகிற பலரும் மேலே இருக்கும் பிளக்கையும் ஹெட்டையும் கழற்றிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் சீக்கு இருப்பது கீழே.

முதலில் புல் வெட்டும் மெஷினின் கதை, சுருக்கமாக. 1830-ல் இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்ற ஊர்ப் பக்கம் எட்வின் பட்டிங் என்பவர் அதைச் செய்தார். கம்பளித் துணி ஆலையில் நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை உருளைக் கத்தி ஒன்று ஒரே மட்டமாகக் கத்தரிக்கும். அதைப் பார்த்து வந்த யோசனை. ஆக, துணி ஊருக்கும் புல்வெளிக்கும் இந்த ஒரு வகையில் சொந்தம் உண்டு. அதற்குப் பின் தொண்ணூறு வருஷம் ஆளோ குதிரையோ இழுத்தது; பெட்ரோல் எஞ்சின் வந்தபோதும் பெரிய மைதானங்களுக்கான கனத்த மெஷினாகத்தான் வந்தது. 1921-ல் பர்மிங்காமில் சார்லஸ் பியூ கம்பெனி ஆட்கோ என்ற மெஷினை இறக்கியது. வில்லியர்ஸ் கம்பெனியின் சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை வைத்ததால் நடுத்தர வீட்டுத் தோட்டத்துக்கும் மெஷின் வந்து சேர்ந்தது. 1952-ல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் இன்னும் எளிமையாக ஒன்றைச் செய்தார். நிமிர்ந்து நிற்க வேண்டிய எஞ்சினைப் படுக்கப் போட்டார், கீழே நீட்டிய தண்டிலேயே கத்தியை மாட்டினார், பீச் பழம் வந்த காலி டப்பாவைப் பெட்ரோல் டேங்க்காக வைத்தார். அதுதான் விக்டா, ஆஸ்திரேலியாவில் பல லட்சம் விற்றது. அந்த முதல் மெஷினிலும் இருந்தது வில்லியர்ஸ் டூ-ஸ்ட்ரோக்.

வில்லியர்ஸ் நமக்கும் அந்நியமில்லை. 1960-களில் சென்னை திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனி விற்ற ஃபேண்டாபுலஸ் ஸ்கூட்டரில் வில்லியர்ஸ் எஞ்சின்தான். மற்ற டூ-ஸ்ட்ரோக்குகளும் வந்தன: மைசூரிலிருந்து ஜாவா, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத், 1980-ல் ஓசூரிலிருந்து இருவர் உட்காரும் டிவிஎஸ் 50 மொபெட், அதன் வாரிசாக 69.9 சிசி எக்ஸ்எல் சூப்பர். உலகத்தின் ஒரு மூலையில் புல்வெளிக்குப் போன எஞ்சின் இன்னொரு மூலையில் பாரம் சுமக்கப் போயிற்று. இரண்டு வேலைக்கும் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்றுதான்: எடை குறைவு, விலை குறைவு, சாய்த்தாலும் கவிழ்த்தாலும் கவலையில்லை. நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கி நிற்க வேண்டும். சரிவில் சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி இன்னொரு பக்கம் வறண்டுபோகும். டூ-ஸ்ட்ரோக்கின் அடியில் ஆயில் தேக்கமே கிடையாது. அங்கே இருப்பது வேறு.

நான்கு-ஸ்ட்ரோக் முறையை 1876-ல் நிக்கோலாஸ் ஆட்டோ நிலைநிறுத்தினார். உறிஞ்சு, அழுத்து, எரி, வெளியேற்று என்று பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால் ஒரு முறைதான் சக்தி கிடைக்கும். கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்ற ஒரு வெடிப்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு கிடைக்காதா என்று ஸ்காட்லாந்துக்காரரான டூகால்ட் கிளெர்க் 1878-ல் ஒரு வழி கண்டார். எரிந்த புகையைத் தள்ளிவிட்டுப் புதுக் கலவையை நிரப்ப, பக்கத்திலேயே தனியாக ஒரு பம்ப் சிலிண்டர் வைத்தார். வேலை செய்தது, ஆனால் ஒரு எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர் என்றால் சிக்கனம் எங்கே?

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் வார்ப்படச் சாலை வைத்திருந்த ஜோசஃப் டே 1889 வாக்கில் அந்த இரண்டாவது சிலிண்டரைத் தூக்கி எறிந்தார். பிஸ்டனுக்கு மேல்பக்கம் மட்டுமா இருக்கிறது, அடிப்பக்கமும் இருக்கிறதே என்பதுதான் அவர் கண்டது. பிஸ்டன் மேலே போகும்போது அதற்கு அடியில் இடம் பெருகுகிறது. கீழே வரும்போது அதே இடம் சுருங்குகிறது. தண்டு சுற்றும் அந்த அடிக்கூட்டைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் அதுவே பம்ப். அவரிடம் வேலை பார்த்த ஃபிரெடரிக் காக் 1892-ல் மிச்சமிருந்த வால்வையும் ஒழித்தார். சிலிண்டர் சுவரில் துளைகள் போட்டு, பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதன் பக்கவாட்டே அவற்றைத் திறக்கவும் மூடவும் செய்தார். மிஞ்சியவை பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். அசையும் உறுப்பு அவ்வளவுதான். டே அதில் பெரிய பணக்காரர் ஆகவில்லை. வேறு தொழில்களில் கையைச் சுட்டுக்கொண்டு, பேர் மறந்துபோன மனிதராக 1946-ல் இறந்தார்.

இப்போது அந்த எஞ்சினுக்குள் ஒரு சுற்று போய்வரலாம். பிஸ்டன் ஏறுகிறது: மேலே கலவை அழுந்துகிறது, அதே நேரம் அடிக்கூட்டில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர் வழியாகப் புதுக் கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. பொறி விழுகிறது. பிஸ்டன் இறங்குகிறது: மேலே எரிந்த வாயு அதைத் தள்ளுகிறது, கீழே புதுக் கலவை பிதுங்குகிறது. பாதிக்கு மேல் இறங்கியதும் முதலில் சைலன்சர் பக்கத் துளை திறக்கும்; புகை பாய்ந்து வெளியேறும். கொஞ்சம் கழித்து இன்னொரு துளை திறக்கும். அடியில் பிதுங்கி நிற்கும் கலவை அதன் வழியாக மேலே ஏறி, மிச்சப் புகையை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். நிமிஷத்துக்கு 5000 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 12 மில்லிவினாடி. அதில் இந்தத் துளை திறந்திருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 மில்லிவினாடி. இந்த இடைவெளிக்குள் வீடு காலியாகி, புதுக் குடி வந்துவிட வேண்டும்.

அது ஒழுங்காக நடப்பதில்லை. வருகிற கலவையில் ஒரு பங்கு போகிற புகையோடு சேர்ந்து எரியாமலே வெளியேறிவிடும். கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின்களில் இந்த நட்டம் நான்கில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல். பழைய வில்லியர்ஸ்களில் கலவை நேரே எதிர்த்துளைக்குப் பாயாதபடி பிஸ்டன் தலையில் ஒரு மேடு வைத்திருப்பார்கள். 1920-களின் நடுவில் ஜெர்மனியின் அடோல்ஃப் ஷ்னூர்லே துளைகளின் கோணத்தை மாற்றி, கலவை பின்சுவரில் ஏறி வளைந்து வரும்படி செய்தார். மேடு தேவைப்படாமல் போயிற்று, நட்டம் குறைந்தது, ஒழியவில்லை. கிழக்கு ஜெர்மனியில் வால்டர் காடன் 1950-களில் சைலன்சர் குழாயின் வடிவத்தால் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பிப்போகும் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளும் வித்தையைப் பிடித்தார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் மேற்கே தப்பி சுசுகியில் சேர, வித்தையும் ஜப்பான் போயிற்று. 1984-ல் சுசுகி ஓசூருக்கே வந்து டிவிஎஸ்ஸோடு ஏஎக்ஸ் 100 செய்தது. மறு வருஷம் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ன் சத்தத்துக்கு இன்றைக்கும் கோவில்பட்டிப் பையன்கள் மயங்குகிறார்கள் என்றால், அந்தச் சத்தம் பந்தயத் தடத்தில் பிறந்த அலைக் கணக்கின் எச்சம்.

சத்தத்துக்கு மயங்கலாம், புகைக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. எரியாத பெட்ரோலும் ஆயில் துளியும் தெருவில் நிற்கிறவன் நெஞ்சுக்குள்தான் போகின்றன. 1998-ல் உச்ச நீதிமன்றம் டெல்லிக்குப் போட்ட உத்தரவுகளில் ஒன்று, டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஆயிலை அளந்து கலந்த பெட்ரோலையே பங்க்குகளில் ஊற்ற வேண்டும் என்பது. 2015-ல் நான்கு-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 புகை விதி நாடெங்கும் அமலானதோடு டூ-ஸ்ட்ரோக் மொபெட்டின் காலம் முடிந்தது. கலிஃபோர்னியாவில் 2024 மாடலிலிருந்து புதிய புல்வெட்டி புகை விடவே கூடாது என்று விதி வந்தது. ஆயிரக்கணக்கில் தினமும் ஓடினால் நஞ்சு. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் தாத்தாவின் வண்டியை எடுத்து ஒட்டப்பிடாரம் வரை போய்வருவது வேறு கணக்கு. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது கணக்குக்காரர்களுக்கு.

திரும்ப அடிக்கூட்டுக்கு வருவோம். அது கொல்லன் உலைத் துருத்தி. மேலே தீ எவ்வளவு பெரிதாக எரிந்தாலும் அதற்கு மூச்சு கீழிருந்துதான் வருகிறது. அந்த மூச்சுக்கு வலு ரொம்பக் குறைச்சல் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சிலிண்டருக்குள் கலவை ஏழெட்டு மடங்கு அழுத்தப்படும். அடிக்கூட்டில் ஏறுவது ஒன்றே கால், ஒன்றரை மடங்குதான். மேலே பிஸ்டன் ரிங் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் வண்டி இழுத்துக்கொண்டு ஓடும். கீழே ஊசிமுனை அளவுக்கு ஒழுக்கு இருந்தால் ஓட்டமே மாறிவிடும். துருத்தித் தோலில் ஓட்டை விழுந்தால் காற்று வெளியே போகும் என்பது பாதிதான். பிஸ்டன் ஏறும்போது அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளேயும் வரும். கார்புரேட்டர் அளந்து அனுப்பிய பெட்ரோலுக்கு, அளக்காத காற்று கூடச் சேருகிறது. கலவையில் பெட்ரோல் குறைகிறது, சூடு ஏறுகிறது. பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் வருகிறது என்பதால் காற்றுக்கு ஏற்ற ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் உருகிச் சுவரில் அப்பிக்கொள்ளும். அதைத்தான் பட்டறையில் ‘சீஸ் ஆயிருச்சு’ என்பார்கள்.

புதியம்புத்தூர் மாதிரி ஊர்ப் பட்டறைகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம்.

“அண்ணாச்சி, ஆக்சிலேட்டர விட்டாலும் ரேஸ் குறைய மாட்டேங்கு. தானா கத்துது.”

“பிளக்கு?”

“ரெண்டு மட்டம் மாத்தியாச்சு. வெள்ளையாத்தான் இருக்கு.”

“கார்புரேட்டரு?”

“கழட்டி ஊதியாச்சு.”

“அப்ப மேல நோண்டாத தம்பி. மேக்னட்டக் கழத்து.”

இந்தப் பேச்சில் வந்த மூன்று அடையாளத்திலும் இயற்பியல் இருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் எஞ்சின் வேகம் குறையவில்லை என்றால் வேறெங்கிருந்தோ காற்று வருகிறது. பிளக் முனை காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டியது வெளுத்துப்போயிருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டர் சுத்தமாக இருந்தும் போதவில்லை என்றால் காற்று அதற்குப் பின்னால் எங்கோ புகுகிறது. பின்னால் இருப்பது இன்டேக் பேக்கிங், அடிக்கூட்டின் இரண்டு பாதிகள் சேரும் பேக்கிங், தண்டின் இரண்டு முனையிலும் இருக்கும் ஆயில் சீல். அதில், பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட் சக்கரத்தின் பக்கத்து சீல்தான் பெரும்பாலும் குற்றவாளி. அந்தப் பக்கம் வறட்சி, சூடு, தூசி மூன்றும் உண்டு. மறுபக்கத்து சீல் கியர் ஆயிலைப் பார்த்தபடி இருக்கும் எஞ்சின்களில், அது போனால் அடையாளம் நேர்மாறு: கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வண்டி வெண்புகையாகக் கக்கும், பிளக் கரியும் எண்ணெயுமாக நனையும், கியர் ஆயில் மட்டம் காரணமில்லாமல் இறங்கும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு சோதனை உண்டு. பழைய எஞ்சினை எடுக்கிற எவரும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் முன் இதைச் செய்வது நல்லது. கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, இரண்டு வாயையும் சைக்கிள் டியூப் ரப்பரும் தகடும் வைத்து முடுக்க வேண்டும். ஒரு தகட்டில் வால்வு ஒன்றைப் பொருத்தி, பிளக்கை அதன் இடத்தில் விட்டுவிட்டு, அழுத்த மானி வைத்த கைப்பம்ப்பால் மெதுவாக 6 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏற்ற வேண்டும். சைக்கிள் டயருக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் நல்ல சீலும் பிய்த்துக்கொள்ளும். பிறகு சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால், மேக்னட்டுக்குப் பின்னால் ஒரு வட்டம் நுரைத்துக்கொண்டு வரும். சில எஞ்சின்களில் அடிக்கூட்டு வார்ப்பிலேயே ஊசித்துளை இருந்து, அங்கிருந்து ஒரே ஒரு குமிழ் ஊதி உடையும். மானியின் முள் சில நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்றால் துருத்தி நலம்.

கிடப்பில் போட்ட எஞ்சினில் சீல் போவது ஓடித் தேய்ந்து அல்ல. சீலின் உதடு ரப்பர். அதற்குப் பின்னால் மெல்லிய சுருள்கம்பி வளையம் ஒன்று உதட்டைத் தண்டோடு அணைத்துப் பிடிக்கும். ஓடும் எஞ்சினில் அந்த உதட்டுக்கு எப்போதும் ஆயில் ஈரம் இருக்கும். பத்து வருஷம் தகரக் கொட்டகையில் வெயிலில் வெந்தால் ரப்பர் இறுகி, தண்டின் வளைவைப் பிடிக்கும் மென்மை போய்விடும். கையால் சுற்றினால் நன்றாகத்தான் தெரியும். சூடேறித் தண்டு நடுங்கும்போது உதடு கூடவே அசையாது. புதுசு கிடைப்பது பெரிய பாடல்ல. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் சீலிலேயே மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும்; கம்பெனி மூடிப்போன வண்டிக்கும் பேரிங் கடையில் அளவு சொல்லி வாங்கலாம். மாட்டும்போது கவனிக்க வேண்டியது தண்டிலுள்ள சாவிக்குழி. அதன் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். புது சீலை அப்படியே தள்ளினால் உதட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பாடுபட்டது அத்தனையும் முதல் நாளே வீணாகும். தண்டின் மேல் வழவழப்பான பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கொஞ்சம் கிரீஸ் தடவி, அதன் மேல் சறுக்கி இறக்குவது அனுபவக்காரர் வழக்கம்.

கரிசல் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் மிகுந்த நிலம் இது. மழையில் ஊறி உப்பும், கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், வண்டித்தடத்தில் பொடிந்து மாவாகப் பறக்கும். நான்கு-ஸ்ட்ரோக்கில் ஃபில்டரைத் தாண்டிய தூசி நேரே சிலிண்டருக்குப் போகும். இங்கே அது முதலில் இறங்குவது அடிக்கூட்டில். கிராங்க் பேரிங், ராடின் அடிமுனை, சீல் உதடு எல்லாம் அந்தத் தூசியில் குளித்த பின்புதான் மிச்சம் சிலிண்டருக்கு ஏறும். களிமண்ணின் மிக நுண்ணிய துகளைவிட, அதோடு கலந்து வரும் மணல் பொடிதான் உலோகத்தைத் தின்னும். ஃபில்டர் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து அப்படியே மாட்டிவிடுகிறவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டினால்தான் அந்த ஸ்பாஞ்ச் தூசியைப் பிடிக்கும். உலர்ந்த ஸ்பாஞ்ச் கல்லைத்தான் தடுக்கும்.

அடுத்தது ஆயில். தேக்கம் இல்லாத அடிக்கூட்டில் பேரிங்குக்கு ஆயில் எப்படிப் போகிறது? பெட்ரோலோடு கலந்து வந்த ஆயில், சூடான அடிக்கூட்டில் பெட்ரோல் ஆவியாகப் பிரிந்த பிறகு துளியாகத் தங்கி, படலமாகப் படிந்து, மெல்ல மேலேறி எரிந்துபோகிறது. பழைய வில்லியர்ஸ்களுக்குப் பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்று போட்டார்கள். டூ-ஸ்ட்ரோக்குக்கென்றே விற்கும் இன்றைய டூ-டி ஆயிலுக்கு ஐம்பதில் ஒன்று போதும், லிட்டருக்கு 20 மில்லி. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு மூடி கூட ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கூட ஊற்றிய ஆயில், கார்புரேட்டர் ஜெட்டின் அதே துளைக்குள் பெட்ரோலின் இடத்தைப் பிடிக்கிறது. 20 மில்லிக்குப் பதில் 60 மில்லி ஊற்றினால் எரிபொருள் சுமார் 4 சதவீதம் குறையும், கலவை மெலியும். பாதுகாப்புக்கு ஊற்றிய ஆயில் சூட்டைக் கொஞ்சம் ஏற்றத்தான் செய்யும். போதாக்குறைக்குக் கரியும் சேரும்.

ஆயில் என்றால் கரிசல்காரர்களுக்கு ஆமணக்கு. பருத்திக்காட்டு ஓரத்தில் ஆமணக்கு நிற்கும். அதன் எண்ணெயில் எரித்த வைக்கோல் கரியைக் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு வண்டிமை போட்டார்கள். முதல் உலகப் போர் விமான எஞ்சின்களுக்கும் போட்டது ஆமணக்கெண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. ஆமணக்கு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட ரிசினோலியிக் என்ற கொழுப்பு அமிலம். மற்ற எண்ணெய்களில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் தொகுதி அதன் சங்கிலியின் நடுவில் இருக்கிறது. அது உலோகத்தைப் பற்றிக்கொள்வதால், கடும் சூட்டிலும் படலம் அறுந்துவிடாது. அதே தொகுதிதான் அது பெட்ரோலில் நன்றாகக் கரையாததற்கும் காரணம். கலந்துவைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் அடியில் பிரிந்து கிடக்கும். பிசின் மாதிரி படிந்து ரிங்கை ஒட்டவும் வைக்கும். பந்தயக்காரர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எஞ்சினைப் பிரிக்கிறவர்கள், அவர்களுக்குச் சரி. துணிக்கட்டு சுமந்த வண்டிக்குக் கடையில் விற்கும் டூ-டியே போதும்.

இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பதே பெட்ரோல் மட்டுமல்ல. 2023 பிப்ரவரியில் நாட்டில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இன்று அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனாலின் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதக் கலவைக்கு 13.5 வாக்கில். பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்த ஜெட்டில் இதை ஓட்டினால் கலவை ஏறக்குறைய 8 சதவீதம் மெலிந்துபோகிறது. எத்தனால் ஆவியாகும்போது நிறையச் சூட்டை உறிஞ்சும், ஆக்டேனும் உயர்வு, அதனால் கெடுதலில் கொஞ்சம் சமனாகிறது. முழுதும் சமனாவதில்லை. ஜெட்டை ஒரு எண் பெரிதாக்குவது செலவில்லாத காப்பு.

அதைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடும் வண்டியில் இதனால் ஒன்றும் ஆகாது. டேங்க்கில் அரைகுறையாகப் பெட்ரோல் விட்டு ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுக்க நிறுத்திவைத்த மெஷினில், மூடி வழியே கொஞ்சம் தண்ணீரும் இறங்கிவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்து தனி அடுக்காகக் கீழே இறங்கும். டூ-டி ஆயில் மேலே பெட்ரோலிலேயே தங்கிவிடும். டேங்க்கின் குழாய் எடுப்பதோ அடியிலிருந்து. ஆகவே தை மாதம் வண்டியை எடுத்து மிதிக்கிறவன், ஒரு சொட்டு ஆயில் இல்லாத சாராயத்தையும் தண்ணீரையும் தன் பேரிங்குக்குக் கொடுக்கிறான். எண்பதுகளின் ரப்பர்களுக்கு எத்தனால் பழக்கமில்லாதது. டியூப் உப்பும், மிதவை முள்ளின் ரப்பர் முனை ஒட்டிக்கொள்ளும். நிறுத்திவைக்கும் முன் டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டர் கிண்ணம் வற்றும்வரை எஞ்சினை ஓட விட்டு, பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு நான்கைந்து மிதி மிதித்து வைப்பவன் வண்டி அடுத்த வருஷமும் எழுந்திருக்கும்.

மேல்பக்க வேலைகள் பல, ஆனால் எளியவை. சைலன்சரிலும் வெளியேறும் துளையிலும் கரி சேர்ந்து அடைத்தால் வண்டி மேடு ஏறத் திணறும். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டலாம். இரும்பு ஸ்குரூ டிரைவர் துளை விளிம்பில் கீறினால் அந்தக் கீறல் ரிங்கைத் தின்னும். இரும்புச் சைலன்சரைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊற வைப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் பிஸ்டனையும் ஹெட்டையும் அதே வாளியில் போட்டுவிடக் கூடாது. அலுமினியத்தைக் காஸ்டிக் கரைக்கும், கூடவே ஹைட்ரஜன் பொங்கிவரும், பீடி பற்றவைத்தால் அவ்வளவுதான். ரிங் மாட்டும்போது பள்ளத்திலுள்ள சின்ன ஆணியைப் பார்க்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் ரிங் சுற்றக் கூடாது. அதன் வாய் ஏதாவதொரு துளைக்கு நேராக வந்தால் விரிந்து சிக்கி முறியும். அதைத் தடுக்கத்தான் அந்த ஆணி. பொறி வரவில்லையென்றால் மேக்னட்டின் பாயிண்ட்டைத் தேய்த்து 0.35 அல்லது 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் போதும். குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் நின்றுவிடும் வண்டியில் கண்டன்சரைச் சந்தேகப்பட வேண்டும். கத்தி கல்லில் மோதி நின்ற புல்வெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது வேறு: மேக்னட் சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் அரைவட்டச் சாவி அறுந்திருக்கும், பொறி வருகிற நேரம் தப்பியிருக்கும்.

ரப்பர் சீலே இல்லாத எஞ்சின்களும் உண்டு. ஆட்கோ காலத்து வில்லியர்ஸ்களில் தண்டு சுற்றுவது நீண்ட வெண்கலப் புஷ்களுக்குள். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலுள்ள ஆயில் படலமே அடிக்கூட்டை அடைத்துப் பிடித்தது. அப்படிப்பட்ட ஒன்று எங்காவது ஒரு பங்களாக் கொட்டகையிலிருந்து கைக்கு வந்தால் பேரிங் கடைக்குப் போய்ப் பயனில்லை. புஷ் தேய்ந்திருக்கும், தண்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும். தண்டை முதலில் உருளையாகக் கடைந்து எடுத்து, அந்தப் புது அளவுக்குத்தான் வெண்கலத்தில் புஷ் கடைய வேண்டும், ஆயில் ஓடச் சின்னக் கால்வாயும் வெட்ட வேண்டும். தீப்பெட்டி ஆலை மெஷின்களுக்கு உதிரிப் பாகம் கடைந்து கைதேர்ந்த கோவில்பட்டி லேத் பட்டறைகளுக்கு இது முடியாத வேலையில்லை. புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும் அதன் உள்விட்டம் சற்றுச் சுருங்கும். அதனால் கடைசி அளவுக்கு ரீமர் விடுவது ஏற்றின பின்புதான், ஏற்றும் முன்பல்ல.